யாழினியா, யாளினியா, யாயினியா? ஊருக்கு ஊர் மாறும் குழந்தை பெயர்

மகளுக்கு ஆசை ஆசையாக 'யாழினி' என்று பெயர் வைக்கிறார்கள். சென்னையில் பக்கத்து வீட்டு பாட்டி 'யாயினி' என்று கொஞ்சுகிறார். லீவுக்கு மதுரை பக்கம் போனால், 'யாளினி, இங்க வாத்தா' என்கிறார் அப்பத்தா. குழந்தையும் மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கிறது!

எல்லாம் 'ழ' படுத்தும் பாடுதான்.

நாக்கு நுனியை மேலே வளைத்து, அண்ணத்தில் தொடாமல் விட்டால் 'ழ'. தொட்டுவிட்டால் 'ள'. நுனியை வளைக்காமல் நடு நாக்கை மட்டும் உயர்த்தினால் 'ய'. தென்மாவட்ட பேச்சில் பெரும்பாலும் 'வாளப்பளம்', சென்னை பேச்சில் 'வாயப்பயம்'. 'இழுத்துக்கொண்டு' என்பது சென்னையில் 'இஸ்துகினு' ஆன கதை தெரிந்ததுதானே? இது தப்பு இல்லை, வட்டார வழக்கு. ஆனால் கேரளாக்காரர் யாழினியை சரியாகவே கூப்பிடுவார். கோழிக்கோடு, ஆலப்புழா என்று அவர்கள் நாக்கு பழகியது.

பேச்சோடு போனால் பரவாயில்லை. சிக்கல் எழுத்தில்தான் வருகிறது. பெயரை வாயால் சொல்ல, எதிரில் இருப்பவர் காதில் விழுந்தபடி எழுதினால் 'கயல்விழி' 'கயல்விளி' ஆகிவிடும். விழி என்றால் கண், விளி என்றால் கூப்பிடுவது. அர்த்தமே போச்சு!

இங்கிலீஷில் இன்னும் குழப்பம். 'ழ'வுக்கு இசட், எச் இரண்டையும் சேர்த்து போடுகிறோம். வடநாட்டுக்காரர் அதைப் பார்த்து 'யாஸினி' என்பது போல வாசிக்கிறார். சிலர் எல் போடுகிறார்கள். பிறப்பு சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று என்று இருந்தால், பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டியதுதான்.

எனவே பெயர் பதியும்போது வாயால் சொல்லாதீங்க. தமிழிலும் இங்கிலீஷிலும் பேப்பரில் எழுதிக் கொடுங்க. சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே எழுத்துக்கூட்டி பாருங்க. தமிழ்நாட்டில், பிறப்பை பதிவு செய்த நாளில் இருந்து ஓராண்டு வரை பெயரை இலவசமாக சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமத கட்டணம் கட்டி சேர்க்கலாம். அவசரப்பட்டு ஆஸ்பத்திரியிலேயே பெயர் சொல்ல வேண்டும் என்று இல்லை.

மழலைக்கு 'ழ' வராவிட்டால் பயப்பட வேண்டாம். குழந்தைகளுக்கு தாமதமாக வரும் ஒலிகளில் அதுவும் ஒன்று. யாழினியே கொஞ்ச நாளைக்கு தன்னை 'யாயினி' என்றுதான் சொல்வாள்.