மழையும் மனிதரும் – 12: முப்பது ஆண்டு காலியாக இருக்கும் நிலம்

2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் விடியும் வரை கொல்கத்தாவில் கொட்டித் தீர்த்தது. மாநகராட்சியின் மழைமானிகளில் தெற்கே கரியா காமடஹரியில் 332 மில்லிமீட்டர்; வடக்கே தந்தனியாவில் 195. ஒரே ஊருக்குள் இவ்வளவு வேறுபாடு என்பது சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49. நுங்கம்பாக்கத்துக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு, அடையாற்றில் எவ்வளவு தண்ணீர் வரப்போகிறது என்பது தெரிந்திருக்காது.

மழையையும் வெயிலையும் அளக்கும் கருவிகளைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். அவற்றை எங்கே நடுவது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. அதற்கு எடுத்துக்காட்டாகக் கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனை எடுத்துக்கொள்கிறேன். 1999இல் மேற்கு வங்க அரசு ஹிட்கோ என்ற நிறுவனத்தை அமைத்து, ராஜர்ஹாட் பக்கத்து வயல்களிலும் மீன்குட்டைகளிலும் எழுப்பத் தொடங்கிய நகரம் இது. கொல்கத்தாவின் வெயில் என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் அலிப்பூர் ஆய்வகத்தின் கணக்கு. அடுத்து தம்தம் விமான நிலையத்தினுடையது. அலிப்பூர் பழைய மரங்கள் நிறைந்த தென்கொல்கத்தா. தம்தம் ஓடுபாதைகளின் வெட்டவெளி. நியூ டவுனில் ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர்க் கோபுரங்கள், இன்னொரு பக்கம் 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த, 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம். இந்த ஊரின் வானிலையை அந்த இரண்டு இடங்களும் சொல்லிவிட முடியாது.

சரி, ஒரு தானியங்கி வானிலை நிலையம் வைக்கலாம் என்று முடிவாகிறது. உலக வானிலை அமைப்பின் வழிகாட்டி நூல் என்ன கேட்கிறது? வெப்பமானி தரையிலிருந்து ஒன்றே கால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், குட்டைப் புல் மேல் நிற்க வேண்டும். முதல் தர இடம் என்றால் கான்கிரீட், தார், கட்டடம், பெரிய நீர்நிலை எல்லாம் நூறு மீட்டருக்கு அப்பால். மழைமானிக்குப் பக்கத்தில் இருக்கும் தடை, தன் உயரத்தைப் போல் நான்கு மடங்கு தள்ளி இருப்பது நல்லது. காற்றுமானிக்குப் பத்து மீட்டர் கம்பம். தடைகள் குறைந்தது பத்து மடங்கு தொலைவில். அறுபது மீட்டர் உயரமுள்ள ஓர் அடுக்குமாடி பக்கத்தில் இருந்தால் காற்றுக்கு அறுநூறு மீட்டர் விலக வேண்டும். விலகிப் போனால் அங்கே அடுத்த அடுக்குமாடி நிற்கிறது.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது மொட்டை மாடி. பூட்டு இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, மாடு வராது. ஆனால் அங்கே வெப்பமானி அளப்பது அந்தக் கட்டடத்தின் சூட்டை. மாடி விளிம்பில் மோதி மேலெழும் காற்று துளிகளை மழைமானியின் வாய்க்கு மேலாகவே அடித்துக்கொண்டு போய்விடும். சித்திரை வைகாசியில் கால்பைசாகி புயற்காற்றோடு பெய்யும் மழைதான் இந்த ஊரின் கோடை மழை. அதையே மொட்டை மாடி குறைத்துக் காட்டும்.

அடுத்துத் தோன்றும் இடம் நியூ டவுனின் பெரிய பூங்காவான ஈகோ பார்க். 480 ஏக்கர், அதில் 104 ஏக்கர் ஏரி. புல்லும் காவலும் உண்டு. மழையை அளக்க அங்கே நல்ல இடம் கிடைக்கும். வெயிலை அளக்க நான் அங்கே வைக்க மாட்டேன். தண்ணீரும் மரமும் சூழ்ந்த இடத்தின் கணக்கை வைத்துக்கொண்டு, சாலையோரம் நிற்கும் டெலிவரி இளைஞருக்கு எத்தனை டிகிரி வெயில் என்று சொல்லக் கூடாது.

தவறான இடம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு லிபியாவின் எல் அஜீஜியா இருக்கிறது. 1922 செப்டம்பர் 13 அன்று அங்கே பதிவான 58 டிகிரி செல்சியஸ், தொண்ணூறு ஆண்டுகள் உலகின் உச்ச வெப்பமாகப் பாடநூல்களில் இருந்தது. 2012இல் உலக வானிலை அமைப்பு அதை நீக்கியது. கருவியிலும் கணக்கெடுத்தவரின் அனுபவமின்மையிலும் குறை கண்டார்கள்; கருவிக்குக் கீழே இருந்த தார் போன்ற தரை பாலைமண்ணைப் பிரதிபலிக்கவில்லை என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

நம் நாட்டில் 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரின் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று வானிலைத் துறை பிறகு ஆராய்ந்து சொன்னது. உணரியின் பிழையை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தில் சரியான இன்னொரு கருவியை வைத்தால் போதும். இடத்தின் பிழை அப்படி அகப்படாது. சூடான சுவரருகே எத்தனை நல்ல கருவிகளை வைத்தாலும் எல்லாம் ஒன்றுபோலவே சொல்லும். இடத்தைத் தேர்வதில் இத்தனை பிடிவாதம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நகரத்துக்குள் வயல்வெளி விதிகளை அப்படியே கேட்டால் ஓர் இடமும் தேறாது. கனடாவின் நகரத் தட்பவெப்ப அறிஞர் டிமோத்தி ஓக் 2006இல் உலக வானிலை அமைப்புக்காக எழுதிய அறிக்கை இதற்கு வழி காட்டியது. ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் சுற்றுவட்டம் அந்தப் பகுதியின் இயல்பைக் காட்டுகிறதா என்று பார். காற்றை வேறோர் இடத்தில், கட்டடங்களைவிட உயரத்தில் தனியாக அள. எல்லாவற்றையும் ஒரே வேலிக்குள் அடைக்கும் பழக்கத்தை விட்டால் பாதிச் சிக்கல் தீர்கிறது.

மிச்சப் பாதி, காலம். ஐப்பசிக்கு முன்பே காஷ் எனும் நாணற்பூ வெள்ளையாக அசையும் காலி மனைகள் நியூ டவுனில் ஏராளம். இன்று அளந்து பார்த்தால் சில மனைகள் எல்லா விதிக்கும் பொருந்தும். ஆனால் அவை ஒதுக்கப்பட்ட மனைகள். ஓர் ஊரின் தட்பவெப்பச் சராசரி முப்பது ஆண்டுக் கணக்கு. ஐந்தாவது ஆண்டில் பக்கத்தில் கோபுரம் எழுந்தால், அதன் பிறகு வரும் எண்களில் வானத்தின் மாற்றம் எது, கோபுரத்தின் நிழல் எது என்று பிரிக்க முடியாது. அதனால் காலி மனையைவிட, இனி கட்ட மாட்டார்கள் என்று உறுதியுள்ள பல்கலைக்கழக மைதானத்தின் ஓரத்தையோ குடிநீர்ச் சுத்திகரிப்பு வளாகத்தின் புல்தரையையோ, விதியில் இரண்டாம் தரமானாலும், நான் முதலில் கேட்பேன். மழைநீர் தேங்காத மேடா, சோலார் பலகைக்குத் தெற்கு வெயில் விழுமா, இடிக்கு எர்த்திங் போட ஈரமண் இருக்கிறதா, மதிலுக்குப் பதில் கம்பிவலை போதுமா, மழைமானியின் புனலை எறும்பும் சருகும் அடைக்காமல் மாதாமாதம் துடைக்க ஆள் வருவாரா என்பதெல்லாம் அதன் பிறகு.

நியூ டவுனில் கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவது என்.கே.டி.ஏ. எனப்படும் வளர்ச்சி ஆணையம். வானிலை நிலையத்தின் இடமும் அதைச் சுற்றிய வட்டமும் அந்த அலுவலகத்து வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். வட்டத்துக்குள் ஒரு மனு வந்தால் வானிலைத் துறைக்குக் கடிதம் போகட்டும். கட்டடத்தைத் தடுக்க முடியாமல் போகலாம். அப்போதும், அது எழும் முன்பே புதிய இடத்தில் இன்னொரு நிலையம் வைத்து, குறைந்தது ஓர் ஆண்டு இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பழையதைக் கழற்ற வேண்டும்.

(தொடரும்)