நூலால் ஒரு மாதுளை

பள்ளிச் சிறார்களின் புத்தகப் பைகளிலும் இளையோரின் திறப்புக் கோர்வைகளிலும் நூலாற் பின்னப்பட்ட சிறு கரடிகள், முயல்கள், ஸ்ரோபெரிப் பழங்கள் தொங்குவதை இன்று பரவலாகக் காண்கிறோம். அவற்றுட் பல கடையில் வாங்கியவை அல்ல. பாடசாலை விட்டு வந்த பிள்ளையோ, ஓய்வுபெற்ற ஆசிரியையோ, இரவில் வேலை முடித்த தாயோ தம் கையாலேயே பின்னியவை. இவற்றைக் காணும் பெரியவர்கள் சிலர், "இதனால் என்ன பயன்? உடுக்கவும் ஆகாது, உண்ணவும் ஆகாது. இந்த நேரத்தில் உருப்படியாக ஏதேனும் செய்யலாமே" என்று அங்கலாய்ப்பதுண்டு. கேள்வி நியாயமானதே. பயனற்றதெனத் தோன்றும் ஒரு சிறு கைவேலைக்கு விசுவாச வாழ்வில் இடம் உண்டா என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

ஆறு கண்ணிகளில் ஓர் ஆரம்பம்

இக்கலையை யப்பானியர் 'அமிகுருமி' என்று அழைக்கின்றனர். 'அமி' என்பது பின்னலைக் குறிக்கும். பிற்பகுதி, 'நுய்குருமி' என்னும் பஞ்சடைத்த பொம்மையின் பெயரிலிருந்து வந்தது. பெரும்பாலும் குறோசே முறையிலேயே இது பின்னப்படுகிறது. 'குறோசே' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறிய கொக்கி என்பது பொருள். நுனி வளைந்த ஊசி ஒன்று, நூற்பந்து ஒன்று, அடைப்பதற்குச் சிறிது பஞ்சு, இவையே தேவையானவை. பின்னல் வேலை எமக்குப் புதியதன்று. எமது பாட்டிமார் நாவில் வழங்கிய 'றேந்தை' என்னும் சொல், போர்த்துக்கேய மொழியின் 'றெண்டா' என்பதிலிருந்து எம்மிடம் வந்து தங்கியதாகும்.

உருண்டையான ஒரு தலையைப் பின்னுவதற்கு, முதலில் நூலை வளையமாக்கி அதனுள் ஆறு கண்ணிகள் இடுவார்கள். அடுத்த சுற்றில் அவை பன்னிரண்டாகும். அதற்கடுத்து பதினெட்டு, பின்னர் இருபத்துநான்கு என ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஆறாகக் கூட்டுவார்கள். வேண்டிய அகலம் வந்ததும் சில சுற்றுகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் பின்னி, பின்பு அதே கணக்கில் குறைத்துக்கொண்டு வருவார்கள். வாய் மூடுமுன் பஞ்சை அடைப்பார்கள். ஸ்ரோபெரி என்றால் நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல அகலப்படுத்துவார்கள். விதைகளை வெளிர்நிற நூலால் தைத்து, மேலே பச்சை இதழ்களைப் பொருத்துவார்கள். எண்ணிக்கை ஓரிடத்தில் தவறினால் உருவம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் வெட்டிய துணியைப் போல இது வீணாவதில்லை. நூலைப் பிடித்து இழுத்தால் தவறிய இடம் வரை பின்னல் கழன்று வரும். அதே நூலால் மீண்டும் தொடங்கலாம். ஒப்புரவு அருளடையாளத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கும் மறையாசிரியர்களுக்கு இதைவிட எளிய உவமை வேண்டுமோ?

ஆண்டவர் கேட்ட கனி

நூலாற் கனி செய்வது இக்காலத்தவரின் விளையாட்டு மட்டுமன்று. விடுதலைப் பயண நூலின் 28ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தலைமைக் குரு ஆரோனின் அங்கி எவ்வாறு அமையவேண்டும் என்று ஆண்டவர் மோசேக்கு விவரிக்கிறார். அங்கியின் கீழ் விளிம்பைச் சுற்றிலும் நீலம், கருஞ்சிவப்பு, சிவப்பு நூல்களால் மாதுளம்பழங்கள் செய்யப்படவேண்டும். அவற்றின் இடையிடையே பொன்மணிகள் தொங்கவேண்டும். மணிகளின் நோக்கத்தை மறைநூல் உடனே கூறுகிறது. குரு தூயகத்தினுள் நுழையும்போதும் வெளிவரும்போதும் அவற்றின் ஓசை கேட்கவேண்டும். ஆனால் மாதுளம்பழங்கள் எதற்கு என்று ஒரு வார்த்தையேனும் கூறப்படவில்லை. அவை ஒலிப்பதில்லை, எதையும் தாங்குவதில்லை. அழகாக இருக்கின்றன, அவ்வளவே. பாலைநிலத்தில் நாடோடிகளாய் அலைந்த ஒரு மக்களிடம், நூலாலான கனிகளை இறைவன் கேட்டு வாங்கினார்.

அவற்றைச் செய்த கைகளையும் மறைநூல் மறக்கவில்லை. கைத்திறன் மிக்க பெண்கள் தம் கைகளாலேயே நூல் நூற்றுக் கொண்டுவந்தனர் என்று 35ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. வேலைகளுக்குத் தலைமை தாங்கிய பெட்சலேலை இறைவன் தம் ஆவியால் நிரப்பினார் என 31ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆவியானவரின் கொடைகளை எண்ணும்போது, விரல்களின் திறனையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்க நாம் ஏன் தயங்குகிறோம்?

பஞ்ச காலத்தின் பின்னல்

இவ்வேலை உயிர் காத்த காலமும் உண்டு. 1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதையே நம்பி வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பட்டினியில் வீழ்ந்தன. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். அக்காலத்தில் கோர்க் பகுதியில் உர்சுலைன் சபை அருட்சகோதரிகள் உட்படப் பல கன்னியர் மடத்தார், ஏழைப் பெண்களுக்கும் சிறுமியருக்கும் குறோசே பின்னக் கற்றுக்கொடுத்தனர். குளோன்ஸ் என்னும் ஊரில் அங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் துணைவியார் கசான்ட்ரா ஹான்ட் 1847இல் இதே பணியைத் தொடங்கினார். பசிக்குச் சபை வேறுபாடு தெரியாது. அதைத் தணிக்க எழுந்த கைகளும் அதைப் பார்க்கவில்லை.

ரோசாப்பூ, இலை, திராட்சைக்குலை என ஒவ்வோர் உருவத்தையும் தனித்தனியே பின்னி, பின்னர் வலைப்பின்னலால் ஒன்றாக இணைப்பதே அயர்லாந்து முறை. ஆதலால் ஒரே சட்டையின் வேலையைப் பல வீடுகளில் பலர் பகிர்ந்து செய்ய முடிந்தது. செல்வந்தரின் ஆடையில் ஏறிய அந்தத் திராட்சைக்குலைகள், பின்னியவர்களின் வீட்டில் உணவாயின. சிலருக்கு அமெரிக்கா செல்லும் கப்பற் கட்டணமாகவும் அமைந்தன.

தபித்தாவின் கைகள்

புதிய ஏற்பாட்டில் யோப்பா நகரத்துத் தபித்தாவை நாம் அறிவோம். கிரேக்கத்தில் 'தொற்கா' எனப்படும் அவர் பெயருக்குப் பெண்மான் என்பது பொருள். அவர் பேசிய ஒரு சொல்லும் மறைநூலில் இல்லை. அவர் இறந்தபோது பேதுரு வரவழைக்கப்படுகிறார். மேல்மாடியில் கைம்பெண்கள் அழுதவண்ணம் அவரைச் சூழ்ந்து, தபித்தா தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த ஆடைகளைக் காட்டுகிறார்கள் (திப 9:39). திருத்தூதரின் முன்னிலையில் அவர்கள் எடுத்து வைத்த சான்று தையல்தான். பேதுரு முழந்தாட்படியிட்டு மன்றாடினார்; தபித்தா உயிர் பெற்றெழுந்தார்.

தபித்தாவின் வழியில் இன்றும் பலர் நடக்கின்றனர். டென்மார்க்கில் 2013ஆம் ஆண்டு தன்னார்வலர்கள் குறைமாதக் குழந்தைகளுக்கெனச் சிறிய சாக்குக்கணவாய்களைக் குறோசேயிற் பின்னத் தொடங்கினர். அவற்றின் சுருண்ட கால்கள் குழந்தைக்குத் தொப்புள்கொடியை நினைவூட்டும், பிஞ்சு விரல்கள் மருத்துவக் குழாய்களை இழுக்காமல் அக்கால்களைப் பற்றிக்கொள்ளும் என்பது அவர்களது நம்பிக்கை. இம்முயற்சி பல நாடுகளுக்கும் பரவியது. மருத்துவ ஆய்வு இதனை இன்னும் உறுதியாக நிறுவவில்லை. எனவே வைத்தியசாலையின் அனுமதி பெற்றே வழங்கவேண்டும். தூய பருத்தி நூல், 60 பாகை வெப்பத்திற் கழுவத்தக்க தன்மை, இழுத்தாலும் 22 சென்ரிமீற்றரைத் தாண்டாத கால்கள் என்பன டெனிஷ் குழுவினரின் விதிகள். அன்பு அளவுகோலையும் கையில் எடுக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். வீட்டில் மழலைகளுக்குப் பின்னுவோரும் பொத்தான் கண்களைத் தவிர்த்து, கண்களை நூலாலேயே தைப்பது நன்று. கழன்ற பொத்தான் குழந்தையின் தொண்டையிற் சிக்கக்கூடும்.

கூலியும் நீதியும்

இறுதியாக நெருடலான ஒன்றையும் சிந்திப்போம். கம்பளிச் சட்டைகளைப் பின்னும் இயந்திரங்கள் உண்டு. ஆனால் சந்தைக்கு வரும் குறோசே வேலைப்பாடுகள் இன்றும் கையாற் பின்னப்படுபவையே. கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் குறோசே கரடிக்குப் பின்னாலும் எங்கோ ஒருவரின் விரல்கள் பல மணிநேரம் உழைத்திருக்கின்றன. அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? எமது ஆலயத் திருவிழாக் கடைகளிலும் மாதர் சங்க விற்பனைகளிலும் கைம்பெண் ஒருவர் பின்னிய பொம்மையை எடுத்து, "இந்தச் சின்னச் சாமானுக்கு இவ்வளவோ?" என்று விலை குறைக்கக் கேட்கிறோம். அச்சடித்த விலை கொண்ட தொழிற்சாலைப் பொருளுக்கு அப்படிக் கேட்பதில்லையே! ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடப் பணிக்கிறது இணைச்சட்ட நூல் (24:14-15). பிடித்து வைக்கப்பட்ட கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடுகிறது என எச்சரிக்கிறார் யாக்கோபு (5:4). நூலுக்கு மட்டும் விலை கொடுத்து நேரத்தை இலவசமாகப் பெற்றுக்கொள்வது நீதியாகுமா?

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளை ஊசியும் நூலும் கேட்டால் தடுக்காதீர்கள். மகன் கேட்டாலும் அவ்வாறே. கைத்தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு எண்ணி எண்ணிப் பின்னும் ஒரு மணிநேரத்தில் பொறுமையும் கவனமும் வளரும். வீட்டில் பின்னத் தெரிந்த மூதாட்டி இருந்தால் பிள்ளையை அவரருகில் அமர்த்துங்கள். கற்பதற்குப் பிள்ளையும் கற்பிப்பதற்குப் பாட்டியும் இருக்கும் வீட்டில் தனிமைக்கு இடம் குறையும். முதலாவது பொம்மை சற்றுக் கோணலாகத்தான் வரும், அதற்காக நகைக்காதீர்கள். இரண்டாவதை யாருக்குக் கொடுக்கலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். நோயுற்ற அயலவர் ஒருவர், முதியோர் இல்லத்தில் பார்க்க வருவோரின்றி இருப்பவர் ஒருவர், தாய் வெளிநாட்டில் வேலை செய்ய இங்கே காத்திருக்கும் வகுப்புத் தோழி ஒருத்தி என்று யாரேனும் ஒருவர் பிள்ளையின் நினைவுக்கு வருவார். பின்னும் வேளையில் அவர் பெயரைச் சொல்லி ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபிக்கச் சொல்லிக்கொடுங்கள். பின்னி முடிந்ததும் பிள்ளையோடு நீங்களும் சென்று அதனை அவர் கையிற் கொடுத்து, சற்று நேரம் அமர்ந்து பேசிவிட்டு வாருங்கள்.