உயர்த்திய கெப்பும் ரிவர்ஸ்டன் இறக்கமும்

கெப் வாகனத்தை உயர்த்தும் வேலை இரண்டு வகைப்படும். ஒன்று, ஸ்பிரிங்குகளையும் ஷொக்குகளையும் மாற்றி உடலை மேலே தூக்குவது. மற்றது, கம்பனி கொடுத்ததைவிடப் பெரிய ரிம்மும் டயரும் பூட்டுவது. பெரிய டயர் மட்காட்டில் உரசும் என்பதால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கின்றன.

மாத்தளை மாவட்டத்தின் லக்கல போன்ற பகுதியில் இதற்குத் தேவை உண்டு. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறி, இலுக்கும்புர வழியாகப் பல்லேகம நோக்கி இறங்கும் வீதி வளைவும் மூடுபனியும் நிறைந்தது. பழைய பல்லேகம நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கியபின் புதிய நகரமும் புதிய வீதிகளும் அமைந்தன. ஆனாலும் வயலுக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் போகும் கிளைப்பாதைகளில் கல்லும் ஓடையும் சேறும் குறையவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை தடை நீடித்ததால், கையில் இருந்த பழைய கெப்பையே திருத்தி ஓட்டும் வழக்கமும் வலுத்தது.

உடலை உயர்த்தும் முறை வாகனத்தின் அமைப்பைப் பொறுத்தது. டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200 போன்றவற்றின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கின் மேல் நிற்கிறது. அங்கே கூடுதல் பட்டை சேர்ப்பார்கள்; அல்லது ஸ்பிரிங்கைச் சட்டகத்தோடு இணைக்கும் ஷெக்கிளை நீளமானதாகப் போடுவார்கள். முன்பக்கம் முறுக்குக் கம்பி உள்ள பழைய வண்டிகளில் அந்தக் கம்பியை இறுக்கினாலே உயரம் ஏறும். செலவு குறைவு, ஆனால் சக்கரம் கீழ்நோக்கி அசைய இருந்த இடம் குறைந்து, ஓட்டம் கரடுமுரடாகும். சுருள் ஸ்பிரிங் உள்ள புதிய வண்டிகளில் நீண்ட ஸ்பிரிங்கையும் அதற்கு ஏற்ற ஷொக்கையும் ஒன்றாக மாற்றுவதே முறையான வழி. சட்டகத்துக்கும் உடலுக்கும் இடையில் கட்டைகள் வைத்துத் தூக்குவதும் உண்டு. அதில் உடல் மட்டுமே எழும். சட்டகமும் அதன் கீழுள்ளவையும் இருந்த உயரத்திலேயே இருக்கும்.

பலர் கவனிக்காத விடயம் ஒன்று இங்கே உண்டு. பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷல் குடம்தான் பொதுவாகக் கல்லில் முதலில் இடிபடும் பாகம். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஓர் அங்குலமும் எழாது. அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால், டயர் பெருத்தால்தான் அதுவும் எழும். உடலை உயர்த்துவதால் கிடைக்கும் நன்மை வேறு: முன்மூக்கும் வால்பகுதியும் வயிற்றுப் பகுதியும் மேட்டில் தட்டாது, பெரிய டயருக்கும் இடம் கிடைக்கும்.

டயரின் கணக்கை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஹைலக்ஸில் வழக்கமாக வரும் 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீற்றர். அதற்குப் பதில் 285/70 ஆர்17 பூட்டினால் விட்டம் 831 மில்லிமீற்றர் ஆகும். வித்தியாசம் 55 மில்லிமீற்றர். அச்சு எழுவது அதில் பாதி, ஏறத்தாழ 27 மில்லிமீற்றர். இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. சுற்றளவு 7 வீதம் கூடுவதால் வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 64 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். சக்கரம் தரையைத் தள்ளும் வலு அதே கியரில் ஏறத்தாழ 6.5 வீதம் குறையும். ஏற்றத்தில் இதைச் சிறிய கியருக்கு மாறிச் சமாளிக்கலாம்.

சிக்கல் இறக்கத்தில் வருகிறது. ரிவர்ஸ்டனிலிருந்து இறங்கும் சுமை வண்டி பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. எஞ்சின் இழுத்துப் பிடிக்க வேண்டும். பெரிய டயரில் அந்தப் பிடி தளரும். பாரமான ரிம்மும் டயரும் சுழலும் வேகத்தை அடக்கப் பிரேக்குக்குக் கூடுதல் வேலை. நெடும் இறக்கத்தில் அது விரைவில் சூடேறும். பல கெப்களில் பின் அச்சையும் சட்டகத்தையும் ஒரு சிறு கம்பி இணைக்கும். சுமையால் பின்பக்கம் தாழ்வதை அறிந்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டும் வால்வின் கம்பி அது. வண்டியைத் தூக்கியபின் கம்பியைச் சரிசெய்யாவிட்டால், மூட்டைகள் நிறைந்திருந்தாலும் சுமைத்தட்டு காலி என்றே வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் சோரும்.

கவிழும் அபாயமும் கூடும். இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து நிலைப்பை அளப்பார்கள். அமெரிக்க அரசின் கவிழ்வுத் தரப்படுத்தலும் இந்த விகிதத்தையே அடிப்படையாகக் கொள்கிறது. அகலம் 1,540, மைய உயரம் 750 மில்லிமீற்றர் என்று வைத்தால் விகிதம் 1.03. மையம் 75 மில்லிமீற்றர் உயர்ந்தால் 0.93 ஆகும். வெளியே தள்ளி நிற்கும் ரிம் அகலத்தைச் சற்றுக் கூட்டும். ஆனால் பேரிங்குக்குப் பாரம் ஏறும், ஸ்டியரிங் கையை உதறும்.

தேய்மானத்தின் கணக்கு தனி. முன்பக்க டிரைவ் ஷாஃப்ட் கூடுதல் சரிவில் சுழல்வதால் அதன் மூட்டு ரப்பர் சீக்கிரம் கிழியும். போல் ஜொயின்ட் எல்லைவரை வளையும். பிரேக் ஹோஸ் இழுபடும். 40 முதல் 50 மில்லிமீற்றர் வரையிலான உயர்த்தலை இவை ஓரளவு தாங்கும். அதற்கு மேல் போனால் சஸ்பென்ஷன் கைகளையும் ஹோஸையும் மாற்றி, முன் டிஃபரென்ஷலைத் தாழ்த்தும் வேலையும் சேரும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். வாகன அமைப்பை மாற்றும் வேலைகளுக்கு இலங்கையில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகள் பொருந்தும். காப்புறுதிக்கும் முன்கூட்டி அறிவிப்பது நல்லது. இந்தியாவில் கம்பனி நிர்ணயித்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. முன்பக்கத்தை மட்டும் பின்பக்கத்தைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ தூக்குவதை அமெரிக்காவின் வட கரோலினா 2021 டிசம்பரிலிருந்து தடைசெய்தது. ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது தெரியாமல் போவதே காரணம்.

லக்கலவில் காட்டின் எல்லையும் உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியானது. அம்மலைத்தொடரிலுள்ள பிடவல பத்தனப் புல்வெளியின் மண் பாறைமேல் மெல்லிய படலமாகவே கிடக்கிறது. டயர் பள்ளத்தில் மழைநீர் ஓடினால் அந்த மண் அரித்துப் போகும். வண்டி எவ்வளவு உயர்ந்தாலும் வீதியிலேயே ஓட வேண்டிய இடம் இது.

பூட்டிய பின் செய்ய வேண்டியவை சில: சக்கரக் கோணங்களைச் சீரமைத்தல், ஹெட்லைட்டைத் தாழ்த்துதல், பிரேக் வால்வுக் கம்பியைச் சரிசெய்தல், வேகமானியைத் திருத்துதல், சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்குதல், ஸ்பேர் டயரையும் அதே அளவில் வைத்தல்.