மூங்கில் கைப்பிடி போதுமே!

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் தேவனூர் நாட்டில் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோன பெரியவரை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டில் போய்ப் பார்க்க, வண்டி இந்த மாதிரி மலைப்பாதையில்தான் ஏற வேண்டும். அந்த டீசல் புகைதான் சுற்றுச்சூழலுக்குப் பெரிய கேடு என்று தோன்றும். கணக்கு வேறு. உலகப் பசுங்குடில் வாயு உமிழ்வில் மருத்துவத் துறையின் பங்கு 4.4 சதவீதம் என்கிறது 'ஹெல்த் கேர் விதவுட் ஹார்ம்' அமைப்பின் 2019 அறிக்கை. அதிலும் 71 சதவீதம், பொருட்களைத் தயாரிப்பது, கொண்டுசேர்ப்பது, கழிப்பது ஆகியவற்றால் வருவது. ஆகவே, வண்டியோடு சேர்த்து அதில் வரும் சாமானையும் பார்க்க வேண்டும்.

பிசியோதெரபி தசையையும் மூட்டையும் கவனிக்கும். ஆக்குபேஷனல் தெரபியோ, அந்தக் கையால் சோறு பிசைய முடிகிறதா, சட்டை மாட்ட முடிகிறதா, மிளகு உதிர்க்க முடிகிறதா என்று கேட்கும். இத்துறையின் உலகக் கூட்டமைப்பு சுற்றுச்சூழலுக்கான வழிகாட்டு நெறிகளை 2018-ல் வெளியிட்டது. மலை வீட்டுக்கு அவற்றைப் பொருத்திப் பார்ப்பது கடினமல்ல. பிடி தளர்ந்த கைக்கு, கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினால் போதும். பயிற்சிக்குப் பிளாஸ்டிக் பொம்மை எதற்கு? முறத்தில் சாமை புடைப்பதே தோளுக்கும் விரலுக்கும் வேலை. வாசற்படியோரம் ஊன்றிய மூங்கில், கழிப்பறைக்குப் போகும் வழியில் கைப்பிடியாகும். வெட்டிய மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் சீக்கிரம் உளுக்காது.

எல்லாவற்றையும் இப்படிச் சமாளிக்க முடியாது. படுக்கைப்புண் வரக்கூடியவருக்குக் காற்று மெத்தை தேவைப்படலாம்; அவரிடம் பசுமை பேசுவது கொடுமை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசின் திட்டம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. ஆனால், ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை மேலே வந்து, வீட்டையும் வேலையையும் பார்த்து, மருமகளுக்கும் பேரனுக்கும் ஊர்த் தன்னார்வலருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டால், அடுத்த சில சந்திப்புகளைப் போனிலேயே முடிக்கலாம். நடை பழகி முடித்தவர் வீட்டுப் பரணில் கிடக்கும் வாக்கரை ஆரம்ப சுகாதார நிலையம் திரும்ப வாங்கி, ரப்பர் அடிகளை மாற்றி, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதற்கு ஒரு பதிவேடும் ஒரு அலமாரியும் வேண்டும்.