பதில் வராதபோது சுவிட்ச் என்ன செய்யும்?

மளிகைக் கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 240 ரூபாய் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கு ஒரு வங்கியில், கடைக்காரர் கணக்கு வேறொரு வங்கியில். இந்த இரண்டு வங்கிகளின் கணினிகளும் நேரடியாகப் பேசிக்கொள்வதே இல்லை. நடுவில் என்பிசிஐ என்னும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் யுபிஐ சுவிட்ச் இருக்கிறது.

2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானபோது அதில் 21 வங்கிகள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் தனித்தனியே இணைய 210 இணைப்புகள் வேண்டும். இன்று 600 வங்கிகளைத் தாண்டிவிட்டது. வெறும் 600 என்று வைத்தாலே 1,79,700 இணைப்புகள். சுவிட்ச் இருப்பதால் ஒவ்வொரு வங்கியும் அதனோடு மட்டும் இணைந்தால் போதும்.

நீங்கள் பின் எண்ணை அழுத்தியதும் அது போனிலேயே மறையாக்கம் ஆகிவிடும்; ஆப்பால்கூட அதைப் படிக்க முடியாது. சுவிட்ச் கடைக்காரரின் யுபிஐ முகவரியில் '@' குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கும். யாரிடம் விசாரிக்க வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். அங்கிருந்து கணக்கு விவரம் வந்ததும், உங்கள் வங்கிக்குப் பற்றுக் கோரிக்கை போகும். பணம் கழிந்தது என்று பதில் வந்த பிறகுதான் கடைக்காரர் வங்கிக்கு வரவுக் கோரிக்கை. இந்த வரிசை மாறவே மாறாது.

இதுவரை சுலபம். வரவுக் கோரிக்கைக்குப் பதிலே வராவிட்டால்? கோரிக்கை போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும் வரவு வைக்க முடியாமல் போயிருக்கலாம். வரவு வைத்தபின் பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். சுவிட்சுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவசரப்பட்டுப் பணத்தைத் திருப்பினால், கடைக்காரருக்கும் போய் உங்களுக்கும் வந்துவிடக்கூடும். மறுபடி அனுப்பினால் இரட்டை வரவு ஆகலாம். அதனால்தான் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண். அதே எண் இரண்டாம் முறை வந்தால் வங்கி மீண்டும் வரவு வைக்கக் கூடாது. சந்தேகத்தில் நிற்பவை பிறகு கணக்கு நேர்செய்யும்போது தீரும். ரிசர்வ் வங்கி 2019-இல் இதற்குக் கெடு விதித்தது. உங்கள் கணக்கில் பணம் கழிந்தும் வணிகருக்கு உறுதி கிடைக்காவிட்டால் 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்த அமைப்பின் அருமை பணத்தைக் கடத்துவதைவிட, இந்தச் சந்தேகத்தைக் கையாள்வதில்தான் இருக்கிறது என்பேன்.

அந்தச் சந்தேகமே ஒருநாள் சுவிட்சைத் திணறவைத்தது. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. பணம் அனுப்பும் கோரிக்கைகள் அதற்குக் காரணமில்லை. 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?' என்று கேட்கும் நிலைவிசாரிப்புகள் வெள்ளமாக வந்து குவிந்தன. பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூடச் சில வங்கிகள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன. அதன்பின் விசாரிப்புகளுக்கு என்பிசிஐ கடிவாளம் போட்டது. ஆகஸ்ட் 1 முதல் இருப்புத் தொகை பார்ப்பதற்கும் வரம்பு வந்துவிட்டது: ஒருவர் ஓர் ஆப்பில் நாளைக்கு 50 முறைதான் பார்க்கலாம்.