லால் தேவுள்: பாக்தாத் வணிகரின் தடம் தேடி

புணே: ரயில் நிலையத்தை அடுத்துள்ள அரசு பொது மருத்துவமனையைப் புணே மக்கள் "சசூன்" என்ற ஒற்றைச் சொல்லால்தான் குறிப்பிடுகின்றனர். அந்தப் பெயருக்கு உரியவரின் கல்லறை, அங்கிருந்து சற்றுத் தொலைவில், கண்டோன்மென்ட் பகுதியின் மோலேதினா சாலையில் உள்ள யூத வழிபாட்டுத் தல வளாகத்தில் இருக்கிறது. செங்கல்லால் எழுப்பப்பட்டு, உயர்ந்த மணிக்கூண்டுடன் மாதா கோயில் போலத் தோன்றும் அந்த "ஒஹேல் டேவிட்" ஆலயத்தை உள்ளூர் மக்கள் "லால் தேவுள்", அதாவது சிவப்புக் கோயில், என்கின்றனர்.

அங்கு அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் டேவிட் சசூன். 1792-இல் பாக்தாதில் பிறந்தவர். அவருடைய தந்தை ஷேக் சசூன் பென் சாலிஹ், பாக்தாதை ஆண்ட பாஷாக்களின் தலைமைக் கருவூலப் பொறுப்பாளராகவும், யூத சமூகத்தின் தலைவராகவும் இருந்தவர். தாவூத் பாஷாவின் ஆட்சியில் யூதர்கள் மீதான கெடுபிடி முற்றியபோது, குடும்பம் பாரசீக வளைகுடாவின் புஷேர் துறைமுகத்துக்குத் தப்பியது. 1830-களின் தொடக்கத்தில் டேவிட் பம்பாய் வந்து சேர்ந்தார்.

இந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடப் புறப்படுவோருக்கு முதல் தடை பெயர்தான். டேவிட் சசூன் என்றால் சசூனின் மகன் டேவிட் என்று பொருள். முதலெழுத்தாகத் தந்தை பெயரைச் சுமக்கும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தத் தந்தை பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்குச் சூட்டும் வழக்கமும் சேர்ந்துகொள்ள, "சசூன் டேவிட் சசூன்" என்றொரு மகனும், "டேவிட் சாலமன் சசூன்" என்றொரு பேரனும் ஆவணங்களில் தட்டுப்படுகின்றனர். போதாக்குறைக்கு, பம்பாயில் அப்துல்லாவாக இருந்த மூத்த மகன் லண்டனில் ஆல்பர்ட் ஆனார். ஃபர்ஹா என்ற பெண்மணி ஃப்ளோரா ஆனார்.

அடுத்த தடை மொழி. சசூன் நிறுவனத்தின் கடிதங்களும் கணக்குகளும் பாக்தாத் யூதர்களின் அரபு வழக்கில், ஹீப்ரு எழுத்துகளில் எழுதப்பட்டவை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அரபு எழுத்தில் எழுதிய "அரபுத் தமிழ்" போன்றதுதான் இது. வணிகப் போட்டியாளர்களின் கண்ணுக்கு அது தானாகவே ஒரு பூட்டாகவும் அமைந்தது. ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் அந்தத் தாள்களைப் படித்து, அதே மரபில் வந்தவரும் பாக்தாதில் பிறந்தவருமான வரலாற்றுப் பேராசிரியர் ஜோசப் சசூன் எழுதிய "தி குளோபல் மெர்ச்சன்ட்ஸ்" நூல் 2022-இல் வெளியானது. பருத்தி விலையும், பிள்ளைகளின் உடல்நலமும், உறவினர் மீதான மனக்கசப்பும் அந்தக் கடிதங்களில் கலந்தே கிடக்கின்றன.

கல் சொல்லாத கணக்கு

புணேயின் கட்டடங்கள் கொடையை மட்டுமே பேசுகின்றன. செல்வம் வந்த வழியை அறிய ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். பருத்தி, துணி, நறுமணப் பொருள்கள் என எல்லாம் விற்ற நிறுவனம்தான் என்றாலும், அதைப் பெருமுதலாளிகளின் வரிசைக்கு உயர்த்தியது அபினி. மாளவத்தில் விளைந்த கசகசாச் செடியின் பால் அபினியாகி, பம்பாய் துறைமுகம் வழியாகச் சீனா சென்றது. முதல் அபினிப் போர் 1842-இல் முடிந்து சீனத் துறைமுகங்கள் திறக்கப்பட்டதும், டேவிட் தம் மகன் இலியாஸை 1844-இல் அங்கு அனுப்பினார். 1870-களில் ஜார்டின் மாத்திசன் நிறுவனம் அபினியிலிருந்து விலகியபோது, அந்த வணிகத்தின் முன்னணியில் சசூன்களே நின்றனர்.

அன்றைக்கு அது சட்டப்படியான வணிகம். அரசே அதில் வருவாய் ஈட்டியது என்ற வாதம் உண்டு. உண்மைதான். ஆனால், லட்சக்கணக்கான சீனக் குடும்பங்களைச் சீரழித்த சரக்கு அது என்பதும் அப்போதே தெரிந்த செய்தி. 1893-இல் பிரிட்டிஷ் அரசு அபினி குறித்து ராயல் கமிஷன் அமைக்கும் அளவுக்கு எதிர்ப்பு வலுத்திருந்தது. புணேயில் நோயாளிக்குக் கிடைத்த கட்டிலுக்கும் அந்தச் சரக்குக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் சசூன் வரலாறு முழுமை பெறாது.

டேவிட் ஆங்கிலம் பேசியதில்லை. பாக்தாத் அங்கியையும் தலைப்பாகையையும் கடைசிவரை விடவில்லை. அவருடைய நிறுவனம் சனிக்கிழமைகளில் இயங்காது. பாக்தாத், பஸ்ரா முதலிய ஊர்களிலிருந்து வந்த ஏழை யூதர்களுக்கு அது வேலையும், பிள்ளைகளுக்குப் பள்ளியும், வழிபட ஆலயமும் தந்தது. அதே சமயம் அவர் 1853-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். 1857 கிளர்ச்சியின்போது ஆங்கில அரசின் பக்கம் நின்றவர்.

மழைக்காலத்தில் பம்பாய் மாகாண அரசு இடம்பெயர்ந்து வரும் ஊர் புணே. ஆளுநர் இருக்கும் இடத்தில் வணிகரும் இருக்க வேண்டுமல்லவா? "கார்டன் ரீச்" என்ற மாளிகையை அவர் இங்கு கட்டினார். 1864 நவம்பரில் புணேயிலேயே காலமானார். அவர் கொடையில் உருவான ஆலயமும் மருத்துவமனையும் 1867-இல்தான் திறக்கப்பட்டன. இரண்டையும் வடிவமைத்தவர் ஹென்றி செயின்ட் கிளேர் வில்கின்ஸ் என்ற ராணுவப் பொறியாளர். இலியாஸ் அண்ணனிடமிருந்து பிரிந்து தனி நிறுவனம் கண்டதும் அதே ஆண்டில்தான்.

அந்த மருத்துவமனைக்கு இந்திய அரசியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. எரவாடா சிறையில் இருந்த காந்திக்கு 1924 ஜனவரி 12 இரவு குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது இங்குதான். பாதியில் மின்விளக்கு அணைந்துவிட, அரிக்கேன் விளக்கொளியில் கர்னல் மேடக் அதை முடித்தார். சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்து காந்தி கையெழுத்திட்ட அறிக்கையை எழுதியவர், அப்போது புணேயில் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி.

மயானத்தில் ஒரு சுவர்

சசூன்கள் வருவதற்குப் பல தலைமுறைகள் முன்பே மகாராஷ்டிரத்தில் யூதர்கள் இருந்தனர். மராத்தி பேசும் "பெனே இஸ்ரேல்" மக்கள் கொங்கணக் கிராமங்களில் செக்கு ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் "சனிவார் தேலி" என்று பெயர் பெற்றவர்கள். அதே சனிக்கிழமையைப் போற்றிய பாக்தாத் யூதர்களோ அவர்களைச் சமமாக ஏற்கவில்லை. பம்பாய் மயானத்தில் இரு பிரிவினரின் கல்லறைகளுக்கு இடையே தடுப்புச் சுவர் வேண்டும் என்று 1836-இலேயே கோரியவர்களில் டேவிட் சசூனும் ஒருவர். மதத் தூய்மை காரணமாகச் சொல்லப்பட்டது. ஐரோப்பியருக்கு நிகராகத் தாங்கள் எண்ணப்பட வேண்டும் என்ற ஆசையும் அதன் பின்னால் இருந்தது. இறந்த பின்னும் விடாத இந்தப் பாகுபாட்டைத் தமிழக வாசகர்கள் எளிதில் அடையாளம் காண்பர். புணேயில் பெனே இஸ்ரேல் மக்கள் ராஸ்தா பேட்டையில் 1921-இல் தங்களுக்கெனத் தனி ஆலயம் கட்டிக்கொண்டனர்.

டேவிட்டின் வாரிசுகள் காலப்போக்கில் லண்டனிலும் ஷாங்காயிலும் கரைந்தனர். முதல் உலகப் போரின் கவிஞர் சீக்ஃப்ரைட் சசூன் அவருடைய கொள்ளுப்பேரன். பேரன் டேவிட் சாலமன் சசூன் சேகரித்த ஹீப்ரு ஏடுகளில் ஒன்றான "கோடெக்ஸ் சசூன்" 2023-இல் நியூயார்க்கில் 3.81 கோடி டாலருக்கு ஏலம் போனது.

இந்தியாவில் எஞ்சியவர்களின் தடமோ மங்கி வருகிறது. 1951-இல் நாட்டில் சுமார் 26 ஆயிரம் யூதர்கள் இருந்தனர். 2011 கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 4,650. அவர்களில் 2,466 பேர் மகாராஷ்டிரத்தவர். அரசுப் பதிவுகளில் "இதர" என்ற கட்டத்துக்குள் அடைக்கப்பட்டு வந்த அவர்களுக்கு, அம்மாநில அரசு 2016-இல்தான் சிறுபான்மைத் தகுதி வழங்கியது.

2008 நவம்பரில் மும்பை நரிமன் இல்லம் தாக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் புணே கோரேகாவ் பூங்கா பகுதியில், யூத மையத்துக்கு அருகே ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்தது. டேவிட்டின் கல்லறையைக் காண வருவோர் இப்போது முன் அனுமதி பெற்றே உள்ளே செல்ல முடியும். புணேயில் எஞ்சியுள்ள யூதர்களில் பெரும்பாலோர், அன்று சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்ட பெனே இஸ்ரேல் மக்களே.