காலண்டர் நீலம்

சிவகாசி ஆப்செட் அச்சகங்களில் நாலு கலர் வேலைக்கு ஓடும் நீல மையின் உயிர், தாமிர தாலோசயனின் என்னும் நிறமி. வளையம் வளையமாகப் பின்னிய கரிமக் கூட்டின் நடுவே ஒரே ஒரு தாமிர அணு. நான்கு நைட்ரஜன் அணுக்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. உலோகமும் கரிமமும் கைகோத்த இந்தப் பொருள் ஒரு குறைக்கடத்தியும்கூட.

அந்தப் பிடியின் உறுதியை டீக்கடைச் சுவரிலேயே பார்க்கலாம். வெயிலில் மாட்டிய பழைய காலண்டரில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளிறும். சாமி படம் முழுக்க நீலம் பாய்ந்து நிற்கும். அதே ஊர் வாண வெடியிலும் நீலத்துக்குத் தாமிரம்தான். ஆனால் அங்கே ஒளிவிடும் தாமிர குளோரைடு, சூடு கொஞ்சம் ஏறினாலும் சிதைந்துவிடும். பட்டாசில் நல்ல நீலம் எடுப்பது இன்றும் சிரமம்.

தாலோசயனின் குடும்பம் தொழிலுக்கு வந்ததே ஒரு விரிசலால். 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாய ஆலையில், உள்பூச்சு விரிசல் விட்ட கலனின் இரும்பு வினைப்பொருளோடு சேர்ந்து நீலக் கசடு உண்டானது. அதன் அமைப்பை லண்டனில் வேதியியலாளர் லின்ஸ்டெட் 1934இல் விளக்கினார். அடுத்த ஆண்டே தாமிர வகை சந்தைக்கு வந்தது.

தயாரிப்பில் அரிய சரக்கு எதுவும் இல்லை. தாலிக் அன்ஹைட்ரைடு, தாமிர உப்பு, வயலுக்குப் போடும் அதே யூரியா, வினையூக்கியாகச் சிறிது அம்மோனியம் மாலிப்டேட். சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூடு. நைட்ரஜனைத் தருவது யூரியா. கிடைக்கும் கட்டியை உப்போடு சேர்த்து நுண்ணியதாக அரைத்து, உப்பைக் கழுவிவிட்டால் மைக்கு நிறமி தயார். மின்னணுவியலுக்கு இந்தத் தூய்மை போதாது. வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கி, கண்ணாடிமேல் சில பத்து நானோமீட்டர் படலமாகப் படிய வைப்பார்கள். அடுக்கிய தட்டுகள்போல் மூலக்கூறுகள் நெருங்கி நிற்பதால் மின்னூட்டம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. 1986இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங் இப்படியொரு படலத்தோடு இன்னொரு கரிமப் படலத்தைச் சேர்த்துச் சூரிய மின்கலம் செய்தார். திறன் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் இரண்டடுக்கு யோசனை நிலைத்துவிட்டது.

நடு அணுவை மாற்றினால் வேலையே மாறும். தாமிரத்தின் இடத்தில் கோபால்ட் வந்தால், தட்டின் மேலே ஆக்சிஜன் வந்து ஒட்ட இடம் கிடைக்கிறது. எரிபொருள் மின்கலத்தில் இது வினையூக்கியாகும் என்று 1964இல் ஜாசின்ஸ்கி காட்டினார். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மங்களைக் காற்றால் ஆக்சிஜனேற்றம் செய்து அடக்குவதும் கோபால்ட் வகைதான்.

ஆனால் வினையூக்க வேலையில், தனித்தனி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் உள்ளே மாட்டிய உலோக அணுக்கள் வீண். இதற்கு ஒரு வழி, மூலக்கூறுகளை உலோக முடிச்சுகளால் வலையாகக் கட்டுவது. 1989இல் வேதியியலாளர் ராப்சன் தாமிர அயனிகளோடு நான்கு கை கொண்ட கரிம மூலக்கூறைக் கோத்து இந்தப் பாதையைத் தொடங்கினார். கிடாகாவா, யாகி ஆகியோருடன் 2025 வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது. தாலோசயனின் தட்டுகளையே கோத்த, மின்சாரம் கடத்தும் வலைகளும் வந்துவிட்டன. அவற்றைப் பெரிய படிகமாக வளர்ப்பதுதான் கடினம். பெரும்பாலும் கருநிறப் பொடியாகவே கிடைக்கின்றன.